விசிட்டிங் கார்டில் அச்சிட்ட கியூஆர் கோடு வேலை செய்யவில்லை: உதவி தேவை

ஊசிநூல்:
அனைவருக்கும் வணக்கம். என் கடைக்காக அச்சிட்ட விசிட்டிங் கார்டில் இருக்கும் கியூஆர் கோடு வேலை செய்யவில்லை என்று வாடிக்கையாளர்கள் சொல்கிறார்கள். ஆயிரம் கார்டு அடித்ததில் பாதிக்கு மேல் இன்னும் கட்டாகவே இருக்கிறது. ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கிவிட்டதால் இந்த வாரமே அவற்றைக் கொடுத்தாக வேண்டும். மறுபடியும் அச்சிடாமல் சரிசெய்ய வழி உண்டா? அவசரம்.

மைப்பெட்டி:
என்ன தொழில், எந்த ஊர், கார்டு என்ன நிறம், கோடு எவ்வளவு பெரியது என்று எதையுமே நீங்கள் சொல்லவில்லையே. கார்டின் இரண்டு பக்கங்களையும் படமெடுத்துப் போட முடியுமா? தொலைபேசி எண்ணை மட்டும் மறைத்துவிடுங்கள்.

காகிதக்கட்டு:
பெங்களூர் சுல்தான்பேட்டையில் அச்சுத் தொழில் செய்கிறேன். பெரும்பாலும் இது ஃபாயில், அதாவது அச்சின் மேல் ஒட்டும் மினுங்கும் உலோகப் படலம், செய்யும் வேலைதான். கல்யாணப் பத்திரிகை போல மின்ன வேண்டும் என்று கியூஆர் கோட்டையும் பொன்னிற ஃபாயிலில் கேட்கிறார்கள். ஃபாயில் கண்ணாடியைப் போல ஒளியைத் திருப்பி அடிப்பதால் கேமராவுக்குக் கறுப்பும் வெள்ளையும் பிரிந்து தெரிவதில்லை. சிறு கட்டங்களின் இடைவெளிகளும் அடைத்துக்கொள்ளும். அடர்நிறப் பின்னணியில் வெளிர்நிறக் கோடு போட்டிருந்தாலும் சில கைபேசிகள் படிக்காது.

வழிகாட்டி:
இந்தக் கேள்வி இங்கே திரும்பத் திரும்ப வருகிறது. கேட்பதற்கு முன் பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. கோட்டைச் சுற்றி நான்கு பக்கமும் நான்கு கட்ட அகலத்துக்கு வெற்றிடம் விட வேண்டும் என்பது அடிப்படை விதி. அலங்கார பார்டர் அந்த வெற்றிடத்தைத் தின்றிருக்கும். அளவுகோலால் அளந்துவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம்.

ஊசிநூல்:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். பெங்களூர் அல்சூரில் (ஹலசூரு) ஆரி வேலைப்பாட்டுடன் பிளவுஸ் தைக்கும் கடை நடத்துகிறேன். கார்டு மெரூன் நிறம். பெயர் மட்டும் பொன்னிறம். கோடு பின்பக்கத்தில், வெள்ளைச் சதுரத்துக்குள் சாதாரணக் கறுப்பில்தான் இருக்கிறது. ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரியது. இரண்டு பக்கமும் மேட் லேமினேஷன்.

மைப்பெட்டி:
அப்படியானால் நிறமும் அளவும் காரணமாக இருக்க முடியாது. 2 சென்டிமீட்டர் இருந்தாலே கையில் பிடித்து ஸ்கேன் செய்யப் போதும். கடையின் முழு முகவரியையும் கோட்டுக்குள் அடைத்திருக்கிறீர்களா? உள்ளே செய்தி நீளமானால் கட்டங்கள் பெருகிப் பொடியாகிவிடும். மிகச் சிறிய கோட்டில் பக்கத்துக்கு 21 கட்டங்கள். அதிகபட்சம் 177 வரை போகும்.

ஹலசூருவாசி:
நம் பகுதிக் கடை என்பதால் சொல்கிறேன். கார்டில் கன்னடம் இருக்கிறதா? கர்நாடகத்தில் 60 விழுக்காடு கன்னடம் இருக்க வேண்டும் என்று 2024-இல் சட்டமே வந்துவிட்டது. கோட்டைவிட இதுதான் பெரிய பிரச்சினை.

மைப்பெட்டி:
அந்த 60 விழுக்காடு கடைகளின் பெயர்ப்பலகைக்குத்தான், ஐயா. விசிட்டிங் கார்டுக்கு அல்ல. ஏற்கெனவே பதற்றத்தில் இருப்பவரை இன்னும் பயமுறுத்த வேண்டாம்.

ஹலசூருவாசி:
பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பிளவுஸ் தைக்க வருபவர்களில் கன்னடக்காரர்களும் தெலுங்குக்காரர்களும் எவ்வளவு பேர் என்று அல்சூர் சந்தைத் தெருவில் ஒரு மாலை நின்று பார்த்தால் தெரியும். கடைப் பெயரும் ‘ஆரி வேலை’ என்பதும் கன்னடத்திலும் இருந்தால், கார்டை வாங்கிப் போகிறவர் வீட்டிலுள்ள பாட்டியிடமும் அதைக் காட்டுவார்.

வழிகாட்டி:
மூன்றரை அங்குலத்துக்கு இரண்டு அங்குலம் உள்ள அட்டையில் மூன்று மொழிகளைத் திணித்தால் தொலைபேசி எண் எறும்பு அளவுக்குப் போய்விடும். தையல் கடைக்கு எண் பெரிதாக இருந்தால் போதும்; கோடே தேவையில்லை.

காகிதக்கட்டு:
அதை ஏற்க மாட்டேன். ஆரி வேலைக்கு வாடிக்கையாளர் முதலில் கேட்பதே பழைய வேலைகளின் படத்தைத்தான். கோட்டை ஸ்கேன் செய்ததும் வாட்ஸ்அப் கேட்டலாக் திறந்தால் பாதி வியாபாரம் அங்கேயே முடிந்துவிடும்.

சிறுகட்டம்:
சகோதரி, ஒன்றை மட்டும் சொல்லுங்கள். ‘வேலை செய்யவில்லை’ என்றால் கைபேசி கோட்டைப் படிக்கவே இல்லையா, அல்லது படித்த பிறகு வேறு ஏதாவது பக்கம் வருகிறதா? அச்சிட்ட புதிதில் சரியாகத் திறந்ததா?

ஊசிநூல்:
முதலில் வாட்ஸ்அப் திறந்தது. இப்போது ஸ்கேன் செய்தால், இந்தக் கோடு செயலில் இல்லை, பணம் கட்டுங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வருகிறது. ஒரு இணையதளத்தில் இலவசமாகச் செய்த கோடு அது.

சிறுகட்டம்:
காரணம் இதுதான், அச்சகத்தின் மேல் குறை ஒன்றும் இல்லை. அந்தத் தளம் தந்தது டைனமிக் கோடு. அதற்குள் உங்கள் வாட்ஸ்அப் முகவரி இல்லை, அந்தத் தளத்தின் முகவரிதான் இருக்கிறது. ஸ்கேன் செய்பவர் முதலில் அங்கே போய், அங்கிருந்துதான் உங்களிடம் திருப்பி அனுப்பப்படுவார். இலவசக் காலம் முடிந்ததும் வழியை அடைத்துவிட்டார்கள். கேமராவைக் காட்டும்போது, தட்டுவதற்கு முன்பே முகவரி சிறிய எழுத்தில் தெரியும்; அதைப் படித்தாலே யாருடைய முகவரி என்று புரிந்துவிடும். பணம் கட்டினால் இதே கார்டுகள் உயிர்பெறலாம், ஆனால் கட்டுவதை நிறுத்தும் நாளில், வாடிக்கையாளர் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கும் கார்டும் சேர்ந்து செயலிழக்கும். உங்கள் வாட்ஸ்அப் முகவரியே நேராக உள்ளே இருக்கும் ஸ்டாட்டிக் கோடு ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். அதற்குள் இட வேண்டிய முகவரி: முதலில் wa.me (‘டபிள்யூ ஏ புள்ளி எம் ஈ’), பிறகு சாய்கோடு, அடுத்து 91, அதையொட்டி உங்கள் பத்து இலக்க எண். கூட்டல் குறியோ முன்னால் பூஜ்யமோ இடைவெளியோ வேண்டாம். அந்த எண் உங்களிடம் இருக்கும்வரை அதற்குக் காலாவதி கிடையாது.

காகிதக்கட்டு:
அப்படியானால் மறு அச்சு வேண்டாம். புதிய கோட்டை 24 மில்லிமீட்டர் சதுரமாக ஸ்டிக்கர் தாளில் அடித்து ஹாஃப் கட் (அடித்தாளை விட்டு ஸ்டிக்கரை மட்டும் வெட்டுவது) போடச் சொல்லுங்கள். ஒரு ஏ4 தாளில் 80-க்கு மேல் வரும். வெள்ளைச் சதுரத்தின் மேல் ஒட்டினால் பழைய கோடு முழுவதும் மறைய வேண்டும். ஓரம் தெரிந்தால் ஸ்டிக்கரைச் சற்றுப் பெரிதாக்குங்கள். முதல் தாளை வாங்கியதும் பழைய ஆண்ட்ராய்டு கைபேசி ஒன்றிலும் சோதித்துவிட்டு மற்ற தாள்களை அடிக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை பின்பக்கத்துக்கு லேமினேஷனே வேண்டாம். டிரயல் தேதியையும் டெலிவரி தேதியையும் பேனாவால் அங்கே எழுதிக் கொடுத்தால், பிளவுஸ் கைக்கு வரும்வரை அந்தக் கார்டை யாரும் தூக்கி எறிய மாட்டார்கள். லேமினேஷன் மேல் பேனா மை நிற்காது.

வழிகாட்டி:
எந்தத் தளத்தில் செய்த கோடு என்பதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் இத்தனை பதில்கள் தேவைப்பட்டிருக்காது.

ஹலசூருவாசி:
ஸ்டிக்கர் அடிப்பதுதான் அடிக்கிறீர்கள், கோட்டுக்குக் கீழே கடைப் பெயரைக் கன்னடத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எழுத்துப் பிழை பார்த்துத் தர நான் இருக்கிறேன்.

ஊசிநூல்:
ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டது, வாட்ஸ்அப் திறக்கிறது. கன்னட வரியும் சேர்த்தேன். எல்லோருக்கும் மிக்க நன்றி.