தேள் கொட்டியதால் லீவு

முப்பது வருஷம் மில்லில் டைம் ஆபீஸ் வேலை பார்த்தவன் நான். ரிட்டயர் ஆனதும், எகிப்தில் ராஜாவுக்குக் கல்லறை குடைந்தவர்களை வைத்து ஒரு சரித்திரக் கதை ஆரம்பித்தேன். முதல் அத்தியாயத்திலேயே சவுக்கடி, சங்கிலி, ரத்தம். எழுதும்போது எனக்கே புல்லரித்தது, பொய் சொல்வானேன்.

அப்புறம் ஒரு ராத்திரி, அந்த ஆட்கள் என்னதான் சாப்பிட்டார்கள் என்று தேடப் போன இடத்தில், பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் ஒரு சுண்ணாம்புக்கல்லின் படம் கண்ணில் பட்டது. ஒன்றேகால் அடி உயரம், இரண்டு பக்கமும் எழுத்து. நைல் நதியில் லக்சர் நகரத்துக்கு எதிர்க்கரையில், கல்லறைத் தொழிலாளர்கள் குடியிருந்த தேர் எல் மதீனாவில் கிடைத்தது. இரண்டாம் ராமசேஸ் ராஜா பட்டமேறிய 40ஆம் ஆண்டில் எழுதியது. படித்துப் பார்த்தால், மஸ்டர் ரோல், அதாவது ஆட்களின் வருகைப் பதிவேடு!

40 ஆட்கள், 280 நாள் கணக்கு. பெயருக்கு நேரே, வராத தேதிகள் கறுப்பு மையில். தேதிக்கு மேல் பொடி எழுத்தில், சிவப்பு மையில் காரணம். சிவப்பு மை! அதைப் பார்த்ததும் என் பழைய மேஜையே ஞாபகம் வந்துவிட்டது. ஒருவனுக்குக் கண் நோவு. ஒருவனைத் தேள் கொட்டிவிட்டது. ஒருவன் தாயின் பிணத்துக்குத் துணி சுற்றப் போயிருக்கிறான். இன்னொருவன் பீர் காய்ச்ச. வீட்டுப் பெண்களுக்கு மாதவிலக்கு என்று நின்றவனும் உண்டு. இந்தக் கடைசிக் காரணம் மட்டும் என் சர்வீஸில் ஒருத்தரும் எழுதிக் கொடுத்ததில்லை.

சவுக்கடி எல்லாம் 12 பக்கம், கிழித்துப் போட்டேன். இப்போது கதை இப்படித் தொடங்குகிறது:

"தேள் கொட்டிடுச்சுங்க."

"போன மாசமும் தேள்தானேப்பா?" கணக்கர் சிவப்பு மையைத் தொட்டுக்கொண்டே கேட்டார்.

*

அண்ணா, நானும் அதே ஊரை வைத்துத்தான் மாட்டிக்கொண்டேன். என் கதாநாயகி சாயங்காலம் கிணற்றடியில் காதலனைச் சந்திப்பாள். நிலா, குடம், வளையல் சத்தம் எல்லாம் போட்டு எழுதியாயிற்று. பிறகு பார்த்தால் அந்த ஊரில் குடிக்கக் கிணறே இல்லை! பாலைவன ஓரம், கழுதை முதுகில்தான் தண்ணீர் வருமாம். வேறு வழியில்லாமல், ரதம் ஓட்டிக்கொண்டிருந்த காதலனைத் தண்ணீர்க் கழுதைக்காரனாக மாற்றினேன். அதற்கப்புறம்தான் அவனுக்கு ஒரு முகமே வந்தது.

*

கழுதைக்காரனை விட்டுவிடாதே தங்கச்சி. அந்த ஊரில் கூலி என்றாலே தானியம்தான், கோதுமையும் பார்லியும். மூன்றாம் ராமசேஸின் 29ஆம் ஆண்டில் அது வந்து சேரவில்லை. 'பசிக்கிறது' என்று வேலையைப் போட்டுவிட்டுப் போய், கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்கள். அதை அடுத்த கதையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் எகிப்துக்காரன் வாயைத் திறந்தால் எங்கள் மில் கேட்டில் பேசின யூனியன் தலைவர் குரலே வருகிறது. மூன்று தரம் அடித்துத் திருத்தியாயிற்று, போவேனா என்கிறது.