24 அடி தெருவுக்கு எத்தனை அடி உயரத்தில் லைட் கம்பம்?

கேள்வி (மனைப்பிரிவுக்காரர்):
எங்கள் தெரு 24 அடி அகலம், நீளம் சுமார் 600 அடி. ஒரு பக்கம் ஈ.பி. லைன், எதிர்ப்பக்கம் வரிசையாகப் புங்க மரங்கள். வீட்டுக்கு வீடு வசூல் பண்ணி நாங்களே தெருவிளக்கு போடப் போகிறோம். ஒரு கண்ட்ராக்டர் 30 அடி கம்பம் ஏழு போதும், செலவு மிச்சம் என்கிறார். இன்னொருவர் 15 அடியே தாராளம் என்கிறார். டியூஷன் முடிந்து பிள்ளைகள் சைக்கிளில் வரும் வழி, போன மாதம் ஒரு பாம்பு வேறு வந்தது, அதனால் நடுவில் இருட்டே இருக்கக் கூடாது. எந்த உயரம் சரி?

வயர்மேன்:
ஒரே பக்கம் நடுவதென்றால் தெரு எவ்வளவு அகலமோ ஏறக்குறைய அவ்வளவு உயரம், இதுதான் எங்கள் வேலையில் பழைய கணக்கு. விளக்கைத் தெருப்பக்கம் மூன்றடி தள்ளி வைக்க கம்பத்தின் தலையில் ஒரு கை (பக்கவாட்டில் நீளும் குழாய்) போட்டால் உங்களுக்கு 20 அடி போதும். கம்பத்துக்குக் கம்பம் உயரத்தைப் போல மூன்று, மூன்றரை மடங்கு விடலாம், அதாவது 60 முதல் 70 அடி, ஆகப் பத்துக் கம்பம் வரும். 15 அடியில் வைத்தால் வண்டியில் வருகிறவர் கண்ணில் அடிக்கும், கம்பமும் பதின்மூன்று ஆகிவிடும். அதே ஃபிட்டிங்கை 20 அடியிலிருந்து 30 அடிக்கு ஏற்றினால் நேர் கீழே விழும் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும், அதற்காகப் பெரிய வாட்ஸ் வாங்கி மாதாமாதம் கரண்ட் பில் கட்ட வேண்டும். போக்குவரத்து குறைந்த தெருவுக்கு இந்தியத் தர விதி (எண் ஐ.எஸ். 1944) கேட்பது தரையில் விழும் வெளிச்சம் சராசரி 4 லக்ஸ்தான். பளிச்சென்று இருப்பதைவிடப் பரவலாக இருப்பது முக்கியம்.

புங்கமர வீடு:
தயவுசெய்து 30 அடி வேண்டாம், எங்கள் தெருவில் நாங்கள் பட்டுவிட்டோம். வெளிச்சம் முழுக்க மரத்து உச்சியில் விழுந்தது, இலைக்கு அடியில் கும்மிருட்டு, மாடி வீட்டுக்காரர்கள் படுக்கையறை ஜன்னலைத் துணி போட்டு மூடினார்கள். ஒரு விளக்கு போனபோது எந்த ஏணியும் எட்டவில்லை, தூக்கி வண்டிக்கு ஆள் தேடியே மூன்று வாரம் ஓடிவிட்டது. கடைசியில் அதே கம்பத்தில் 18 அடியில் கிளாம்ப் அடித்து விளக்கைக் கீழே இறக்கினோம், இப்போது புங்கம்பூ உதிர்ந்து கிடப்பது வரை ராத்திரியில் தெரிகிறது. நடுவதற்கு முன்னால் ஒரு மூங்கில் நுனியில் விளக்கைக் கட்டி உயர்த்திப் பாருங்கள், அதைவிட நல்ல சோதனை கிடையாது.

சிவில் வேலை:
கம்பம் வாங்கும்போது ஏமாறாதீர்கள். மொத்த நீளத்தில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகும். 20 அடி கம்பம் என்று வாங்கி நட்டால் வெளியே 17 அடிகூட இருக்காது. உங்களுக்கு 24 அடி கம்பம், நாலடி குழி, சுற்றிலும் காங்கிரீட். அடியில் பிளேட் வைத்து போல்ட்டில் நிறுத்தும் வகை என்றால் இந்தக் கழிவு இல்லை, ஆனால் அஸ்திவாரம் சரியாக இருக்க வேண்டும், கஜா புயலில் டெல்டா முழுக்கக் கம்பம் சாய்ந்ததை மறக்க முடியுமா. அப்புறம் முக்கியமானது ஒன்று. தெருவோரம் போகும் ஈ.பி. கம்பி தரையிலிருந்து குறைந்தது 18 அடி இருக்க வேண்டும் என்பதுதான் விதி, அதாவது உங்கள் இரும்புக் கம்பத்தின் தலை அந்தக் கம்பி உயரத்துக்கே வரும். அதனால் மரப்பக்கமே நடுங்கள், நிறுத்துகிற அன்று ஈ.பி.யில் சொல்லி லைனை ஆஃப் செய்யச் சொல்லுங்கள், ஒவ்வொரு கம்பத்துக்கும் எர்த் கட்டாயம்.

மனைப்பிரிவுக்காரர்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரியே மூங்கிலைத் தூக்கிப் பார்த்தோம். 20 அடியில் ஒரு கிளை மறைத்தது, விளக்கை நாலடி தெருப்பக்கம் நீட்டியதும் எதிர்வீட்டு வாசற்படி வரை நிழலில்லாமல் வந்தது. 24 அடி கம்பம் பத்து, நாலடி கை என்று பேசி முடித்துவிட்டோம், கிளையை மட்டும் கொஞ்சம் கழிக்க வேண்டும்.