"1636இல் கட்டியிருக்கிறார்": இதை ஆங்கிலத்தில் எந்தக் காலத்தில் எழுதுவது? ப்ராஜெக்டுக்கு உதவி வேண்டும்

மேலூர்ப்பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். எம்.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். ப்ராஜெக்டை ஆங்கிலத்தில்தான் கொடுக்க வேண்டும். திருமலை நாயக்கர் மஹால் அன்று இருந்த நிலையும் இன்று நிற்கும் நிலையும் என்பது தலைப்பு.

முதல் அத்தியாயம் நேற்றுத் திரும்பி வந்தது. தகவலில் ஒரு தப்பும் சொல்லவில்லை. ஆனால் ஒரே பக்கத்தில் பதினேழு சிவப்பு வட்டம், எல்லாமே வினைச்சொல்லைச் சுற்றி. ஓரத்தில் 'டென்ஸ்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. எது சரி என்று எழுதவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து சில வரிகளை அப்படியே தருகிறேன்:

"திருமலை நாயக் ஹேஸ் பில்ட் திஸ் பேலஸ் இன் 1636. இட் வாஸ் ஹேவிங் டூ பார்ட்ஸ், ஸ்வர்க விலாசம் அண்ட் ரங்க விலாசம். ஹிஸ் கிராண்ட்சன் சொக்கநாத நாயக் ஹேட் டிஸ்மேன்டில்ட் மெனி போர்ஷன்ஸ் அண்ட் டேக்ஸ் தெம் டு திருச்சி. லேட்டர் லார்ட் நேப்பியர் ஹேட் ரிப்பேர்ட் இட்."

இதில் நாலு வரிக்கு நாலு காலம் இருக்கிறது என்று எனக்கே தெரிகிறது. எது எங்கே வர வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. விடுதியில் கூட இருக்கும் தோழி, 'டாக்குமென்டரியில் சொல்கிற மாதிரி எல்லாவற்றையும் பிரசன்ட் டென்ஸில் எழுதிவிடு, உயிரோட்டமாக இருக்கும்' என்கிறாள். அப்படிச் செய்யலாமா? திங்கட்கிழமை திரும்பக் கொடுக்க வேண்டும்.

சிம்மக்கல்லான்:

தங்கச்சி, வரலாறு என்றாலே நடந்து முடிந்தது. எல்லாவற்றையும் சிம்பிள் பாஸ்ட்டில் போடுங்கள். பில்ட், ஹேட், டிஸ்மேன்டில்ட், டுக், ரிப்பேர்ட். அவ்வளவுதான்.

மேலூர்ப்பொண்ணு:

நன்றி அண்ணா. அப்படியே ஒரு பக்கம் மாற்றிப் பார்த்தேன். ஓர் இடத்தில் இடித்தது. மஹாலில் 248 தூண்கள் இருக்கின்றன. 'தி பேலஸ் ஹேட் 248 பில்லர்ஸ்' என்று எழுதினால் இப்போது அவை இல்லாத மாதிரி ஆகிவிடாதா? போன வாரம்தான் அந்தத் தூண்களுக்கு நடுவே உட்கார்ந்து குறிப்பு எடுத்தேன்.

பழைய வாத்தியார்:

நல்ல இடத்தில் சந்தேகப்பட்டாய் அம்மா. உசிலம்பட்டிப் பக்கம் அரசுப் பள்ளியில் 31 வருடம் ஆங்கிலம் நடத்தினேன். இந்த 'ஹேஸ் பில்ட்' எத்தனையோ நோட்டில் வந்ததைப் பார்த்திருக்கிறேன். படிக்காததால் வருகிற தப்பு இல்லை இது. தமிழில் சரியாக யோசிப்பதால் வருவது. அதைப் புரிந்துகொண்டால் உன் பதினேழு வட்டத்தில் பாதி தானாகப் போய்விடும்.

மஹாலுக்குள் நுழைந்து அண்ணாந்து பார்க்கிறோம். 'எவ்வளவு பெரிசாக் கட்டியிருக்காரு!' என்கிறோம். கட்டும்போது நாம் அங்கே இல்லை. கட்டியது மட்டும் கண் முன்னால் நிற்கிறது. செயலை நேரில் பார்க்கவில்லை, மிச்சமிருக்கும் தடயத்தை வைத்துச் சொல்கிறோம் என்பதை அந்த 'இருக்காரு' சொல்லிவிடுகிறது. பக்கத்தில் ஆண்டைச் சேர்த்து '1636இல் கட்டியிருக்கிறார்' என்று சொன்னாலும் தமிழ்க் காதுக்கு உறுத்தாது.

'கட்டியிருக்கிறார்' என்றால் 'ஹேஸ் பில்ட்' என்று பள்ளியில் நாங்கள்தான் சொல்லிக் கொடுத்தோம். நீயும் அப்படியே எழுதிவிட்டாய். ஆனால் ஆங்கிலத்தில் 'ஹேஸ்' வந்தால் பேச்சு இன்றைய பொழுதோடு கட்டுண்டது. 1636 முடிந்துபோன ஆண்டு. இரண்டும் ஒரே வாக்கியத்தில் ஒட்டாது. எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியையும் பார்த்து 'எப்போது?' என்று கேள். அதற்கு ஓர் ஆண்டோ, நாளோ, ஒருவர் ஆட்சிக்காலமோ பதிலாக வந்தால் ஹேஸ், ஹேவ் இரண்டையும் எடுத்துவிடு. 'திருமலை நாயக் பில்ட் திஸ் பேலஸ் இன் 1636.' முடிந்தது.

அப்படியானால் ஹேஸ் எங்கே வரும்? உன் ஊரிலேயே இருக்கிறது உதாரணம். பென்னிகுயிக் பெரியாறு அணையை 1895இல் முடித்தார். அது 'கம்ப்ளீட்டட்', சிம்பிள் பாஸ்ட். அந்தத் தண்ணீர் அன்றிலிருந்து இன்றுவரை மேலூர் வயலுக்குக் கால்வாயில் வருகிறது. அது 'பெரியாறு வாட்டர் ஹேஸ் இரிகேட்டட் மேலூர் சின்ஸ் 1895'. 1895 என்ற அதே ஆண்டு 'இன்' உடன் வந்தால் ஒரு காலம், 'சின்ஸ்' உடன் வந்தால் வேறு காலம். கீழடியும் இப்படித்தான். அகழாய்வு தொடங்கியது பாஸ்ட். பல கட்டமாக நடந்துவருவது 'ஹேஸ்' அல்லது 'ஹேவ்'.

அடுத்து தூண் விஷயம். இதற்கு ஆங்கில இலக்கணத்தைத் தேடவே வேண்டாம், நன்னூல் போதும். முக்காலத்திலும் ஒரே தன்மையாக இருக்கிற பொருளை நிகழ்காலத்தால் சொல்ல வேண்டும் என்று அதில் விதி இருக்கிறது. மலை நிற்கிறது, ஆறு ஓடுகிறது என்று உரைக்காரர்கள் எடுத்துக்காட்டுவார்கள். நேற்றும் நின்றது, நாளையும் நிற்கும். ஆனாலும் நிற்கிறது என்றே சொல்கிறோம். ஆங்கிலத்திலும் அதேதான். தூண் நிற்கிறது: 'ஹேஸ் 248 பில்லர்ஸ்'. இந்த 'ஹேஸ்' தனி வினை, ஹேஸ் பில்ட்டில் வரும் ஹேஸ் இல்லை. குழப்பிக்கொள்ளாதே.

'வாஸ் ஹேவிங்' என்பதை மட்டும் எங்கே கண்டாலும் அடித்துவிடு. கொண்டிருந்தது என்பதை அப்படியே தூக்கி வைத்ததால் வருவது அது. 'ஹேட்' போதும்.

கீழவாசல் கைடு:

வாத்தியார் ஐயா சொன்னதற்கு மேல் ஒன்று சொல்ல வேண்டும். எனக்குத் தினமும் மஹாலில்தான் வேலை, வெளிநாட்டுக்காரர்களுக்குச் சுற்றிக் காட்டுவது. பாப்பா, நீங்கள் பார்த்த 248 தூண் மஹாலில் மிஞ்சிய பாகத்தில் இருப்பவை. முன்பு இருந்ததில் இன்று நிற்பது கால்வாசிதான் என்பார்கள். விளக்குத்தூண் பக்கம் பத்துத்தூண் சந்துக்குப் போயிருக்கிறீர்களா? ஜவுளிக்கடைகளுக்கு நடுவே பத்துத் தூண் தனியாக நிற்கும், மேலே கூரை கிடையாது. தூணை ஒட்டி நைட்டியும் துண்டும் தொங்கும். அதுவும் அரண்மனையைச் சேர்ந்ததுதான். நான் ஆட்களை அங்கே கூட்டிக்கொண்டுபோய், மஹால் இருக்கும் திசையைக் கையால் காட்டி, இந்த இடம் வரை அரண்மனை இருந்தது என்று சொல்வேன். அந்த இடத்தில்தான் அவர்களுக்கு அளவு பிடிபடும்.

ஆகவே 'தி பேலஸ்' என்று மொட்டையாக எழுதினால் எந்த அரண்மனை என்ற குழப்பம் வரும். 'தி ஒரிஜினல் பேலஸ் எக்ஸ்டெண்டட் டு பத்துத்தூண்' என்று ஒரு வரி, 'தி சர்வைவிங் போர்ஷன் ஹேஸ் 248 பில்லர்ஸ்' என்று ஒரு வரி. எழுவாயைத் தெளிவாக வைத்தால் காலம் தானாக வந்து உட்காரும்.

தோழி சொன்ன பிரசன்ட் டென்ஸையும் ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். சுற்றிக் காட்டும்போது நான் அப்படித்தான் பேசுகிறேன். 'தி கிங் கம்ஸ் இன், எவ்ரிபடி ஸ்டாண்ட்ஸ் அப்' என்றால், போனைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கூட நிமிர்ந்து சிம்மாசன மேடையைப் பார்ப்பார். 'கேம்', 'ஸ்டுட்' என்றால் அந்தத் திரும்பல் கிடையாது.

பழைய வாத்தியார்:

தம்பி சொல்வது உண்மை. நம் வீட்டுப் பெரியவர்களும் அப்படித்தானே கதை சொன்னார்கள்? 'வயக்காட்டுல நடந்து போறேன், பார்த்தா குறுக்கே பாம்பு நிக்குது' என்பார்கள். நடந்து நாற்பது வருடம் ஆகியிருக்கும், ஆனாலும் போறேன், நிக்குது. விரைவுக்காகவும் தெளிவுக்காகவும் காலம் மாறி வரலாம் என்று நன்னூலே இடம் கொடுக்கிறது.

ஆனால் இந்தப் பிள்ளையின் தலைப்பைப் பாருங்கள். அன்றைய மஹால் ஒன்று, இன்றைய மஹால் ஒன்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுகிறாள். அன்றைக்குள்ளதைப் பிரசன்ட்டில் எழுதிவிட்டால், இன்றைக்குள்ளதற்கு எந்தக் காலத்தைக் கொடுப்பாள்? 'தி வால் இஸ் கவர்ட் வித் பிளாஸ்டர்' என்றால் அது 1636ஆம் ஆண்டுச் சுவரா, போன வாரம் அவள் பார்த்த சுவரா? வேறு தலைப்பாக இருந்தால்கூட நான் கொஞ்சம் யோசிப்பேன். இதற்கு வேண்டாம்.

சிம்மக்கல்லான்:

இப்போதுதான் எனக்கே விளங்குகிறது. நான் எல்லாம் பாஸ்ட் என்று சொன்னதை எடுத்துக்கொள்ள வேண்டாம் தங்கச்சி.

மெய்ப்புப் பார்ப்பவள்:

செல்லூர்தான் சொந்த ஊர், இப்போது சென்னையில் ஒரு பதிப்பகத்தில் ஆங்கிலப் பிரதிகளுக்குத் திருத்தம் பார்க்கிறேன். மிச்சமிருக்கும் 'ஹேட்' வட்டங்களை நான் எடுத்துக்கொள்கிறேன்.

நாம் நிறையப் பேர், ரொம்பப் பழசாக இருந்தால் 'ஹேட்' போட வேண்டும் என்று நினைக்கிறோம். எத்தனை நூறு வருடம் ஆனது என்பதற்கும் ஹேட்டுக்கும் தொடர்பே இல்லை. ஏற்கெனவே கடந்த காலத்தில் நின்றுகொண்டு, அதற்கும் முந்தியதைத் திரும்பிப் பார்த்தால்தான் ஹேட். இங்கே தமிழ் கைகொடுக்கும்: 'செய்திருந்தார்' என்பது பெரும்பாலும் ஹேட்தான்.

யூசுப் கானை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்தார், மதுரையை ஆண்டார், கம்பெனியை எதிர்த்தார், 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார். இதே வரிசையில் எழுதினால் நாலும் சிம்பிள் பாஸ்ட், ஒரு ஹேட்கூட வேண்டாம். தூக்கிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போனால் மட்டும், 'தி மேன் தே ஹேங்ட் ஹேட் ஒன்ஸ் சர்வ்ட் தெம்' என்று வரும். (தூக்கிலிட்டதற்கு ஹேங்ட். படத்தைச் சுவரில் மாட்டினால்தான் ஹங். இதை நான் வாரம் ஒரு முறையாவது திருத்துகிறேன்.)

இன்னொன்று பாருங்கள். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில், அதுவரை உள்ளே விடப்படாத ஒடுக்கப்பட்ட சாதியினர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போன ஆலயப் பிரவேசம் நடந்தது. அதற்குப் பாதுகாப்புத் தரும் சட்டம் பிறகுதான் அதே ஆண்டில் வந்தது. 'வென் தி ஆக்ட் வாஸ் பாஸ்ட், தே ஹேட் ஆல்ரெடி என்டர்ட் தி டெம்பிள்.' இந்த ஹேட்டை எடுத்துவிட்டால், சட்டம் வந்த பிறகுதான் உள்ளே போனார்கள் என்ற அர்த்தம் வந்துவிடும். அவர்கள் காட்டிய துணிச்சலே வாக்கியத்திலிருந்து மறைந்துபோகும். வரலாறு எழுதுகிறவர் ஹேட்டில் கவனமாக இருக்க வேண்டியது இதற்காகத்தான்.

உங்கள் வரிகளில் சொக்கநாதர், நேப்பியர் இருவரும் வரிசைப்படிதான் வருகிறார்கள். அங்கே ஹேட் வேண்டாம்.

மேலூர்ப்பொண்ணு:

அக்கா, இந்த ஆலயப் பிரவேச வாக்கியத்தை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று. மதுரை மாவட்டக் கையேடு எழுதிய நெல்சனை மேற்கோள் காட்டுகிறேன். புத்தகம் வந்தது 1868இல். 'நெல்சன் சேஸ்' என்பதா, 'நெல்சன் செட்' என்பதா?

பழைய வாத்தியார்:

செட்தான். அவர் காலமாகி நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

மெய்ப்புப் பார்ப்பவள்:

ஐயா, மன்னிக்கவும், இதில் எனக்கு வேறு கருத்து. வள்ளுவர் சொல்கிறார் என்றுதானே சொல்கிறோம்? ஆள் இல்லை, எழுத்து இருக்கிறது. நெல்சன் புத்தகத்தை இன்று திறந்தாலும் அந்தப் பக்கம் அதையே சொல்கிறது. அதனால் ஒரு நூலின் கருத்தை எடுத்துப் பேசும்போது 'நெல்சன் ரைட்ஸ்', 'நெல்சன் டிஸ்க்ரைப்ஸ்' என்பது ஆங்கிலத்தில் சாதாரணம். 2019இல் வந்த தமிழ்நாடு தொல்லியல் துறையின் கீழடி அறிக்கையையும் 'தி ரிப்போர்ட் டேட்ஸ்' என்றே எழுதுவேன். நெல்சன் புத்தகம் எழுதியதை ஒரு நிகழ்ச்சியாகச் சொல்லும்போது ஐயா சொன்னது சரி: 'நெல்சன் பப்ளிஷ்ட் ஹிஸ் மேனுவல் இன் 1868'.

வரலாற்றுத் துறையில் சிலர் எல்லா இடத்திலும் பாஸ்ட்தான் வேண்டும் என்பார்கள். உங்கள் துறையில் எது வழக்கம் என்று சீனியர்களின் ப்ராஜெக்ட் ஒன்றை நூலகத்தில் எடுத்துப் பாருங்கள். எதை எடுத்தாலும் கடைசிப் பக்கம் வரை அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய வாத்தியார்:

வள்ளுவரைக் கொண்டுவந்த பிறகு நான் மறுக்க முடியாது. நல்ல விளக்கம் அம்மா.

மேலூர்ப்பொண்ணு:

நூலகத்தில் மூன்று ப்ராஜெக்ட் எடுத்துப் பார்த்தேன், மூன்றிலும் 'ரைட்ஸ்' என்றே இருக்கிறது. நேற்று மாலை பத்துத்தூண் சந்துக்கும் போய்வந்தேன். ஒரு தூணை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துப் பார்த்தேன், பாதிகூட எட்டவில்லை. இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்:

"திருமலை நாயக் பில்ட் திஸ் பேலஸ் இன் 1636. இட் ஹேட் டூ மெயின் பார்ட்ஸ், ஸ்வர்க விலாசம் அண்ட் ரங்க விலாசம். ஹிஸ் கிராண்ட்சன் சொக்கநாத நாயக் டிஸ்மேன்டில்ட் மெனி போர்ஷன்ஸ் அண்ட் டுக் தெம் டு திருச்சி. லார்ட் நேப்பியர், ஹூ இஸ் கவர்னர் ஆஃப் மெட்ராஸ் ஃப்ரம் 1866 டு 1872, ரிப்பேர்ட் வாட் ரிமெய்ன்ட். தி சர்வைவிங் போர்ஷன் ஹேஸ் 248 பில்லர்ஸ். டென் மோர் ஸ்டாண்ட் இன் எ லேன் நியர் விளக்குத்தூண், அமங் தி டெக்ஸ்டைல் ஷாப்ஸ்."

மெய்ப்புப் பார்ப்பவள்:

அருமை. நேப்பியருக்குப் பக்கத்தில் 'இஸ்' நிற்கிறது பாருங்கள், அதை 'வாஸ்' ஆக்குங்கள். கடைசி வரியில் கை வைக்காதீர்கள்.

மேலூர்ப்பொண்ணு:

மாற்றிவிட்டேன் அக்கா. இனி மீதி பக்கங்களை 'எப்போது?' என்று கேட்டுக்கொண்டே படிக்கப் போகிறேன். இரண்டாம் அத்தியாயம் மஹாலில் நீதிமன்றங்கள் நடந்த காலத்தைப் பற்றியது. அதில் சிக்கினால் இங்கேயே வந்து கேட்கிறேன்.