730 நாள் கணக்கு: டொராண்டோ பியர்சன் விமான நிலையத்தில் எனக்கு நடந்தது

2017 ஆகஸ்ட் 10 அன்று டொராண்டோவில் லேண்டிங் முடித்தேன், அதாவது பி.ஆர். (கனடாவில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை) பெற்று முதல் முறை இறங்கினேன். பத்தொன்பது நாள் இருந்துவிட்டு, ஆறு மாதத்தில் வந்துவிடலாம் என்று திருச்சிக்குத் திரும்பினேன். அதற்குள் அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி வாரம் மூன்று டயாலிசிஸ். அக்கா மஸ்கட்டில். நான்தான் கூட இருக்க வேண்டியிருந்தது.

பி.ஆர். நிலைக்க ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவில் இருக்க வேண்டும் என்பது தெரியும். முதல் மூன்று வருடம் வெளியில் இருந்தாலும் கடைசி இரண்டில் சரிக்கட்டலாம் என்று 2020 ஏப்ரலுக்கு டிக்கெட் போட்டேன். கொரோனாவில் விமானம் நின்றுபோனது. அக்கா ஊருக்கே வந்த பிறகு, டிசம்பர் 14 அன்றுதான் பியர்சனில் இறங்கினேன். அன்றிலிருந்து நகராமல் இருந்தாலும் முதல் ஐந்து வருடத்துக்குள் 623 நாள்தான் வரும். 107 நாள் துண்டு விழுந்தது.

"ஐந்து வருடத்தில் எத்தனை நாள் இங்கே இருந்தீர்கள்?" என்று கவுண்ட்டரில் கேட்டார்கள். "பத்தொன்பது" என்றேன். பக்கத்து அறைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த அதிகாரி பாஸ்போர்ட் முத்திரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தாளில் குறித்தார். நான் ஃபைலை நீட்டினேன். அப்பாவின் டயாலிசிஸ் அட்டை அதில் இருந்தது: தேதி, முன் எடை, பின் எடை, நர்ஸ் கையெழுத்து என்று பக்கம் பக்கமாக. ரத்தான டிக்கெட்டும் இருந்தது. அவர் அந்த அட்டையைத்தான் வெகுநேரம் புரட்டினார். நாள் போதவில்லை என்று அதிகாரி அறிக்கை எழுதினால் வெளியேற்ற உத்தரவு வரை போகும், உத்தரவு வந்தால் முப்பது நாளுக்குள் அப்பீல் செய்ய வேண்டும் என்று லாயர் சொல்லியிருந்தார். அந்த அதிகாரி எழுதவில்லை. நாள் கணக்கு முடியும்வரை வெளியே போகாதீர்கள் என்று சொல்லி விட்டுவிட்டார்.

2022 பிப்ரவரியில் அப்பா தவறிவிட்டார். பி.ஆர். கார்டு அப்போது செல்லுபடியாகத்தான் இருந்தது. ஆனால் போய்வந்தால் மறுபடி அதே கேள்வி வரும், இந்த முறை விடுவார்கள் என்று சொல்ல முடியாது என்றார் லாயர். அக்கா மகன் கொள்ளி வைத்ததை பிராம்ப்டன் பேஸ்மென்ட்டில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். அந்த முடிவு இன்னும் நெஞ்சில் கிடக்கிறது.

பழைய பத்தொன்பது நாள் ஐந்து வருடக் கணக்கிலிருந்து விழுந்துவிட்டதால், 2022 டிசம்பர் 13 அன்றுதான் 730 நிறைந்தது. அதற்குள் கார்டு காலாவதி. கார்டு காலாவதியானால் பி.ஆர். போய்விடாது, அதனால் பதறி முன்கூட்டியே விண்ணப்பிக்காதீர்கள். நாள் நிறைந்த பிறகு அனுப்பினேன், புதுக் கார்டு வந்தது. ஆனாலும் கணக்கு அதோடு முடியாது. என்றைக்குக் கேட்டாலும் அதற்கு முந்தைய ஐந்து வருடத்தைத்தான் பார்ப்பார்கள்.

*

அண்ணா, அப்பாவைப் பற்றிப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. என் கதை வேறு. கணவர் கனடா குடிமகன். அவரோடு மூன்று வருடம் தோஹாவில் இருந்தேன். குடிமகனான கணவனோடோ மனைவியோடோ வெளிநாட்டில் சேர்ந்து வாழும் நாளும் கணக்கில் சேரும். கார்டு முடிந்துவிட்டதால் விமானம் ஏறப் பயண ஆவணம் வாங்க வேண்டியிருந்தது. கல்யாணச் சான்றிதழ் மட்டும் போதவில்லை. இரண்டு பேர் பெயரும் உள்ள வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, அவருடைய பாஸ்போர்ட் நகல் எல்லாம் கொடுத்த பிறகுதான் கிடைத்தது. கணவரும் வெறும் பி.ஆர். என்றால் அப்படியே சேராது. அவர் கனடா நிறுவனத்தின் அல்லது கனடா அரசின் முழுநேர வேலையாக அங்கே அனுப்பப்பட்டிருக்க வேண்டும்.

*

அண்ணா, லேண்டிங் ஆகி மூன்றரை வருடம். இதுவரை 512 நாள் இருந்திருக்கிறேன். ஊரில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். போனால் சிக்கலா?

*

தம்பி, உங்களுக்கு இன்னும் 218 நாள்தான் வேண்டும். கையில் ஒன்றரை வருடம் இருக்கிறது. கார்டு தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள். கிளம்பும் நாளும் திரும்பும் நாளும்கூட கனடா நாளாகவே சேரும். ஒரு மாதமாவது அப்பா கூட இருந்துவிட்டு வாருங்கள்.