‘டெஸ்கஸ்தார்’ படுத்திய பாடு: உங்கள் அனுபவம் என்ன?

2020இல், ஒப்பந்தம் முடிந்தும் மாலுமிகள் ஊருக்குப் போக முடியாமல் கப்பலிலேயே முடங்கிக் கிடந்த நேரம். சிங்கப்பூருக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த கப்பலிலிருந்து சிலி நாட்டு மாலுமி ஒருவர் ஸ்பானிய மொழியில் எழுதிய மனுவை ஆங்கிலமாக்கும் வேலை எனக்கு வந்தது. மற்றதெல்லாம் சுலபம். ஒரு வரிதான் மடக்கியது: ‘லா எஸ்பெரா நோஸ் ஃபுவே டெஸ்கஸ்தாந்தோ’. காத்திருப்பு எங்களைத் தேய்த்துக்கொண்டே போனது.

தேய்ப்பதைக் குறிக்கும் டெஸ்கஸ்தார் என்ற ஸ்பானிய வினை பிரேக் கட்டைக்கும் பொருந்தும், பழைய படிக்கட்டுக்கும் பொருந்தும், ஆளுங்கட்சியின் செல்வாக்குக்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் கடற்கரை என்றால் எரோட், இரும்பு என்றால் கொரோட், துணி என்றால் ஃப்ரே. மனிதர்களுக்கு ‘வேர் டவுன்’ இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இறந்தகாலத்தில் எழுதினால் ஒரே மூச்சில் நடந்து முடிந்தது போலத் தொனிக்கும். மூலத்தில் ‘போ’ என்னும் வினை துணைக்கு நின்று அந்த இழுவையைச் சொல்கிறது; நம் ‘கொண்டே போனது’ அப்படியே அதுதான்.

‘கிராஜுவலி’ சேர்த்து அனுப்பினேன். கப்பல் முகவர் அலுவலகத்தில் ஒருவர் வரியையே அடித்துவிட்டு ‘டயர்ட்’ என்று போட்டிருந்தார். களைப்பா? அது தூங்கி எழுந்தால் தீர்கிற சமாச்சாரம்! விடாமல் வாதாடி, ‘வோர் அஸ் டவுன், மன்த் பை மன்த்’ என்று எழுத வைத்தேன்.

*மறுமொழி, ஈசூன் உறுப்பினர்:* தேசிய அரும்பொருளகத்தில் சிங்கப்பூர்க் கல்லைக் காட்டும்போது எனக்கும் இது நேர்ந்தது. ஆற்று முகத்துவாரத்தில் நின்ற பாறையை 1843இல் வெடிவைத்துத் தகர்த்த பிறகு எஞ்சிய துண்டு அது. அதில் பொறித்திருந்த எழுத்துகள் மழுங்கிப்போய், இன்றுவரை யாராலும் முழுதாகப் படிக்க முடியவில்லை. மாட்ரிட்டிலிருந்து வந்த பெண்மணி ‘டெஸ்கஸ்தாதா’ என்றார். என்னுடன் இருந்தவர் ‘வெதர்ட்’ என்று ஆங்கிலப்படுத்த, உடனே கேள்வி வந்தது: மழையா, காற்றா? அந்தச் சொல் குற்றவாளியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. என் ஓட்டு ‘வோர்ன்’ என்பதற்குத்தான்.

*மறுமொழி, தோ பாயோ உறுப்பினர்:* ‘கார்கோமேர்’ வந்தால் எனக்குக் கொண்டாட்டம். மரத்தை அரிக்கும் கார்கோமா என்ற வண்டின் பெயர் அதற்குள்ளேயே இருக்கிறது. பொறாமை ஒருவனை அரிக்கிறது என்று நாம் சொல்லும் அதே இடத்தில் அவர்களும் அதைச் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘ஈட் அவே’ போடுகிறேன்; வண்டு காணாமல் போகிறது, கடி மிஞ்சுகிறது. அடியில் தோண்டுவதைக் குறிக்கும் ‘சோகவார்’ பற்றி யாரும் பயப்பட வேண்டாம், ‘அண்டர்மைன்’ அச்சாகப் பொருந்தும். குறைவதையும் குறைப்பதையும் சொல்லும் ‘மெர்மார்’ என்பதற்குத்தான் வழி தெரியவில்லை. கணக்கு அறிக்கையில் அதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?