வேலந்தாவளம் சொந்தங்கள்

பெரிய மாமா: அருணுக்கு பைபோலார், அதாவது மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் நோய் என்று டாக்டர் எழுதிவிட்டார். சின்ன வயதில் தங்கமான பிள்ளை. 19 வயதில் இது எங்கிருந்து வந்தது? சரசு அதட்டி அதட்டி வளர்த்ததுதான் காரணமோ என்னவோ.

சரசு சித்தி: இவன் வயிற்றில் இருந்தபோது எனக்குக் காய்ச்சல் வந்ததே அண்ணா, அதனால் இருக்குமோ? ரேவதி, நீ மனநல வார்டில் வேலை பார்க்கிறாய். மறைக்காமல் சொல் கண்ணு.

ரேவதி அக்கா: கர்ப்பத்தில் ஃப்ளூ வந்ததற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன சித்தி. ஆனால் அப்படிக் காய்ச்சல் வந்த தாய்மாரின் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதே இல்லை. பரம்பரையின் பங்குதான் பெரிது. இரட்டையர் ஆய்வுகளில் அந்தப் பங்கு 60 முதல் 85 சதவீதம் வரை வருகிறது. அதுவும் ஒரே மரபணு இல்லை, அம்மா வழி அப்பா வழி இரண்டிலிருந்தும் சேரும் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன வேறுபாடுகள்.

ரேவதி அக்கா: மாமா, சின்ன வயதில் நன்றாக இருந்தான் என்றீர்களே. நரம்பு செல்கள் ஒன்றோடொன்று இணைவது கருவிலேயே தொடங்குகிறது. வளரும் பருவத்தில் வேண்டாத இணைப்புகளை மூளை கவாத்து செய்கிறது. உணர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மூளையின் முன்பகுதி முதிர 25 வயது வரைகூட ஆகும். அதனால்தானோ என்னவோ பலருக்கும் இது பதின்வயதின் கடைசியில், இருபதுகளின் தொடக்கத்தில் வெளியே தெரிகிறது. குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் ஆபத்து கூடும், உண்மை. வீட்டுப்பாடம் எழுதச் சொல்லி அதட்டியது அந்தக் கணக்கில் வராது. சித்தி மேல் பழி போடாதீர்கள்.

பெரிய மாமா: சரி கண்ணு. சரசு, மனதில் வைத்துக்கொள்ளாதே. அடுத்த வாரம் அவனை என்னோடு ராத்திரி காய்கறி லோடுக்குக் கூட்டிப்போகட்டுமா? மனசு மாறுமே.

ரேவதி அக்கா: வேண்டவே வேண்டாம் மாமா. தூக்கம் கெட்டால் மேனியா, அதாவது மனநிலை எல்லைமீறி ஏறும் கட்டம், திரும்ப வரலாம். இந்த நோய்க்கான லித்தியம் மாத்திரை வேறு சாப்பிடுகிறான். பாலக்காட்டு வெயிலில் வியர்த்து உடம்பு வறண்டால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். தண்ணீர் நிறையக் குடிக்கட்டும், உப்பைத் திடீரென்று குறைக்க வேண்டாம். டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரையும் கொடுக்காதீர்கள்.

சரசு சித்தி: அந்த மருந்தின் அளவு பார்க்க நாளைக்கு ரத்தம் எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள்.

பெரிய மாமா: நான் வண்டி கொண்டுவருகிறேன். எத்தனை மணிக்கு?

சரசு சித்தி: ஏழு மணிக்கு வாங்க அண்ணா. ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டுமாம். காலை மாத்திரை அதற்கப்புறம்தான்.