மெஷின் பாலிஷ் போட்ட வண்டியில வட்ட வட்டமா கீறல்: உங்களுக்கும் நடந்திருக்கா?

பாளை கருப்பு வண்டி

மூணு மாசம் ஆச்சு, இன்னும் மனசு ஆறல. அதான் எழுதுதேன். தங்கச்சி கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னால வண்டிய ஒரு கடையில மெஷின் பாலிஷுக்கு விட்டேன். ரோட்டரி மெஷின், கம்பளி பேட். சாயங்காலம் ஷெட்டுக்குள்ள டியூப்லைட் வெளிச்சத்துல காட்டுனாங்க. கண்ணாடி மாதிரி இருந்துச்சு. காசக் குடுத்துட்டு வந்துட்டேன்.

மறுநாள் காலைல மாப்பிள்ளை வீட்டுக்காரவுகளக் கூப்பிட ஜங்ஷனுக்குப் போனேன். ஸ்டேஷன் வாசல்ல நிக்கேன். வெயில் சரிவா பானட்டுல விழுது. சூரியன் தெரியுற இடத்தச் சுத்தி சிலந்தி வலை மாதிரி பொடிக் கீறல். அது போதாதுன்னு மெஷின் போன வழியெல்லாம் பட்டை பட்டையா ஒரு மினுக்கம், நான் நகர நகர அதுவும் கூடவே நகருது. மாப்பிள்ளையோட பெரியப்பா கிட்ட வந்து பானட்டத் தடவிப் பாத்துட்டு, "வண்டி எடுத்து எத்தன வருசமாச்சு தம்பி?"ன்னு கேட்டாவ. சாதாரணமாத்தான் கேட்டாவ. எட்டு மாசம்னு சொல்ல எனக்கு வாய் வரல.

கடையில போய்க் கேட்டா "கருப்பு வண்டின்னா அப்படித்தான் தெரியும்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. நெசமாவே அப்படித்தானா?

தேரிக்காட்டான்

அப்படி இல்ல தம்பி. நான் மெஷின் பிடிக்கிறவன், திசையன்விளைப் பக்கம் சொந்தமா ஷெட் வச்சிருக்கேன். என் கையால நடந்தத சொல்லுதேன், கேளுங்க.

ஆடி மாசம். எங்க ஊர்ல ஆடிக் காத்துன்னா தெரியும்லா, ஷட்டர இறக்கி விட்டாலும் தேரி மண்ணு, அந்தச் செம்மணல், உள்ள வந்துரும். ஒரு வாத்தியாரோட நீல வண்டி. டிக்கிய முடிச்சிட்டு இடது கதவுக்கு வந்தேன். பேட் மாத்தும்போது கை நழுவி ஒண்ணு தரையில விழுந்துச்சு. எடுத்து உள்ளங்கையில ரெண்டு தட்டு தட்டி மாட்டிட்டேன். பட்டன அமுக்குனதும் ஒரு சத்தம். சோத்துல கல்லு கடிபட்டா காதுக்குள்ள கேக்கும் பாத்தியளா, அந்தச் சத்தம். ரெண்டு செகண்டுல கைய எடுத்துட்டேன். ஆனா கதவுல தோசை அகலத்துக்குச் சுருள் சுருளா, முறுக்கு பிழிஞ்ச மாதிரி கீறல் விழுந்து போச்சு. இத்தனைக்கும் அது ஒரே அச்சுல சுத்துற ரோட்டரி இல்ல, சுத்திக்கிட்டே ஆடுற டி.ஏ. (டூயல் ஆக்‌ஷன்) மெஷின்.

நகத்த வச்சி இழுத்துப் பாத்தேன். ரெண்டு இடத்துல நகம் தட்டுச்சு. நகம் தட்டுனா அது பாலிஷுக்கு அடங்காது. மிச்சத்த எடுத்துட்டேன், அந்த ரெண்டு கோடு மட்டும் கிடக்கு. வாத்தியார் வந்ததும் நானே கூட்டிட்டுப் போய்க் காட்டுனேன். "பரவால்லப்பா"ன்னாவ. காசு வாங்கல. அந்த வண்டி இன்னைக்கும் பஜார்ல நிக்கும். நான் அந்தக் கதவப் பாக்காம தாண்ட மாட்டேன்.

விழுந்த பேட்ட இப்ப தொடுறதே இல்ல. சோப்புத் தண்ணியில அலசி, காஞ்ச பொறவுதான் மறுபடி மெஷினுக்குப் போகும். ஒரு வண்டிக்கு ஏழு எட்டு பேட் எடுத்து வச்சிட்டுத்தான் மெஷினையே எடுக்கேன்.

உங்களுக்கு விழுந்த பட்டை ரோட்டரி வேலை. கம்பளி பேட்ல கீறலத் தேச்சு எடுத்துட்டு, மெத்து ஃபோம்ல ஃபினிஷிங் எடுக்காம விட்டிருக்காவ. கல்யாண அவசரம்னு நீங்க சொன்னதும் ஒரு காரணமா இருக்கலாம்.

சமாதானபுரம் எஸ்

ரெண்டு பேரும் மெஷினையே பேசுறீங்க. பாளை தம்பி பழியப் பூரா கடைக்காரர் தலையில போடுறத நான் ஒத்துக்க மாட்டேன். அந்தச் சிலந்தி வலையில பாதி பாலிஷுக்கு முன்னாலயே இருந்திருக்கும்.

எனக்கு நடந்தது இது. எங்க குடியிருப்புல விடியக்காலம் ஒருத்தர் வந்து எல்லா வண்டியையும் ஒரே துணியால துடைப்பார். ஒரு ராத்திரி கரண்ட் போயிருந்த நேரம், கீழ விழுந்த சாவியத் தேட செல்போன் டார்ச்ச அடிச்சேன். வெளிச்சம் கதவுல பட்டுது. ரெண்டு வருச வண்டி, கதவு முழுக்க வலை. நின்ன இடத்துலயே நின்னுட்டேன்.

கீறல் எல்லாத் திசையிலயும்தான் கிடக்கும். வெளிச்சத்துக்குக் குறுக்கா கிடக்குறது மட்டும் மினுங்குறதால நமக்கு அது வட்டமாத் தெரியுது. வட்டமா இருக்கு, அதனால மெஷின்தான்னு முடிவு கட்டக் கூடாது. உங்க வண்டியில நகருற பட்டைய மட்டும்தான் மெஷின் கணக்குன்னு உறுதியாச் சொல்லலாம்.

இனிமே செய்ய வேண்டியதச் சொல்றேன். முதல்ல கை வைக்காம தண்ணியடிச்சு மண்ண இறக்குங்க. ரெண்டு வாளி வைங்க, ஒண்ணுல ஷாம்பு, ஒண்ணுல வெறும் தண்ணி. ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணியில அலசிட்டுத்தான் ஷாம்புல முக்கணும். மேல இருந்து கீழ வரணும், சக்கரத்துக்கும் கீழ்ப்பகுதிக்கும் தனித் துணி. ஸ்பாஞ்ச் வேண்டாம், மண்ணு அதோட முகத்துலயே நிக்கும். போர் தண்ணியில கழுவி வெயில்ல காய விட்டா உப்புக் கறை வட்டம் வட்டமா நிக்கும், அத சுரண்டப் போய் இன்னொரு கீறல் விழும். பாலிஷுக்கு முன்னால கிளே பார், அதான் ஒட்டிக் கிடக்குற அழுக்க எடுக்குற களிமண் மாதிரிக் கட்டி, போட்டே ஆகணும். கையால தடவுனா சொரசொரன்னு இருக்குற வண்டியில பேட் வச்சீங்கன்னா அந்த சொரசொரப்பே பேட்ல ஏறி வண்டியத் தேய்க்கும். கிளே கீழ விழுந்தா தூக்கிப் போட்டுருங்க, பிசைஞ்சு திரும்ப எடுக்காதீங்க.

மெஷின் வேலை நிழல்ல நடக்கணும். தகடு சுட்டா காம்பவுண்ட், அதான் பாலிஷ் பசை, காஞ்சு பொடியாயிரும், காஞ்ச காம்பவுண்ட் உப்புத்தாள் மாதிரிதான். ரெண்டடிக்கு ரெண்டடி இடமா எடுத்து, மெதுவா, ஒரு வரிசை மேல அடுத்த வரிசை பாதி ஏறுற மாதிரி நாலு அஞ்சு தடவை. ஒவ்வொரு இடம் முடிஞ்சதும் பேட்ட பிரஷ் போட்டுத் தட்டணும், பாதிப் பேரு இதச் செய்றதே இல்ல. தேச்சு எடுத்த கிளியர் கோட் (கலருக்கு மேல நிறமில்லாமப் பூசுற பூச்சு) தூளும் பழைய காம்பவுண்டும் சேந்து பேட்ல கட்டியாகி நிக்கும், அதுவே கீறும். துடைக்கிற மைக்ரோஃபைபர் துணியில லேபிள் இருந்தா கிழிச்சுருங்க. கடைசியா, வீட்டுக்கு வந்ததும் நல்ல கார் கவர் வாங்கிப் போடுங்க.

பணகுடி காத்து

அண்ணாச்சி சொன்னதுல கடைசி வரிய மட்டும் எடுத்துருங்க. கவர்தான் என் வண்டியக் கெடுத்துச்சு.

எங்க ஊர்ல ஆனி ஆடியில காத்து எப்படி அடிக்கும்னு எங்க கரண்டு எடுக்குற காத்தாடிகளப் பாத்தவங்களுக்குத் தெரியும். நான் ரெண்டு வாரம் வெளியூர் போயிருந்தேன். வண்டிய வெளியில நிறுத்தி, கவர் போட்டு, கயிறும் கட்டிட்டுத்தான் போனேன். திரும்பி வந்த ராத்திரி, வண்டிகிட்ட நின்னு கவனிச்சேன். கவர் ஊதி, பின்ன வந்து ரூஃபுல அடிக்குது. ஊதுது, அடிக்குது. உள்ள தூசி. ராப்பகலா ரெண்டு வாரம் உப்புத்தாள் வச்சி தேச்ச மாதிரிதான். ரூஃப் ஓரமும் கதவு மேல்பக்கமும் மங்கிப் போச்சு. ஷெட் இருந்தா நிறுத்துங்க, இல்லன்னா வெறுமனே நிக்கட்டும்.

சிந்துபூந்துறை மகள்

நான் வண்டி விவரம் தெரிஞ்சவ இல்ல. அண்ணன்மார் பேசுறதப் படிச்சதும் சொல்லணும்னு தோணுச்சு.

2023 டிசம்பர் 17 ராத்திரி பெஞ்ச மழை எல்லாருக்கும் தெரியும். தாமிரபரணி எங்க தெருவுக்குள்ள வந்துட்டு. அப்பா வண்டி கதவுக் கைப்பிடி வரைக்கும் தண்ணிக்குள்ள. தண்ணி வடிஞ்ச பொறவு வண்டி முழுக்க வண்டல் காஞ்சு, நிறமே தெரியல. குழாய்ல தண்ணி இல்ல. குடிக்கிற தண்ணியே எண்ணி எண்ணித்தான் செலவழிச்சோம். அப்பா தோள்ல கிடந்த துவர்த்த எடுத்து பானட்டத் துடைச்சாங்க. உள்ள வண்டி இருக்கான்னு பாக்குற மாதிரி துடைச்சாங்க. அந்தச் சரசரப்பு எனக்கு இன்னும் கேக்கு. யாரும் தடுக்கல. வீட்டுக்குள்ள நனைஞ்சு கிடந்தத எடுக்குறதுலதான் எல்லாரும் நின்னோம்.

எஞ்சின் வேலை எல்லாம் முடிஞ்சு மாசக்கணக்குல கழிச்சு பாலிஷுக்குக் கொண்டு போனோம். அந்தத் தம்பி பெயிண்ட் கனம் பாக்குற மீட்டர வச்சாரு. ரூஃப் 110 மைக்ரான், பானட் 95. நாம எழுதுற தாள் ஒண்ணு கிட்டத்தட்ட 100 மைக்ரான் இருக்குமாம், அதுக்குள்ள பிரைமர், கலர், கிளியர் கோட் எல்லாம் அடக்கம், நாம தொடலாம்னு இருக்கிறது மேல உள்ள கிளியர் கோட்ல கொஞ்சம் மட்டும்தான்னு சொன்னாரு. எனக்கு அது அன்னைக்குத்தான் தெரியும். அப்புறம் லைட்ட பானட்டுல அடிச்சாரு. அரைவட்டம் அரைவட்டமா கோடு. ஒரு மனுசன் கை எட்டுற தூரம் வரைக்கும் போய்த் திரும்பின கோடு. அப்பா கொஞ்ச நேரம் பாத்துட்டு, "இது என் கைதாம்லா"ன்னாங்க.

ரெண்டு சுத்துல போறது போகட்டும், மிச்சத்த விட்டுரலாம்னு தம்பி சொன்னாரு. விட்டுட்டோம். அந்த வெளிச்சத்துல மட்டும் தெரியும்.

டவுண் பட்டறை

தங்கச்சி சொன்ன தம்பி நல்ல வேலைக்காரன். அளந்து பாத்துட்டு கைய எடுக்கத் தெரிஞ்சவன். எஸ் சார் எழுதுனதுல எல்லாம் இருக்கு, மூலைய விட்டுட்டீங்க. அத நான் சொல்றேன்.

நான் பெயிண்ட் அடிக்கிறவன். செவப்பு வண்டி ஒண்ணு, பானட்டுல ரெண்டு மடிப்புக் கோடு ஓடும். என் பட்டறையில இருந்த பையன் ரோட்டரியில மடிப்பு மேல நேரா ஏறிட்டான். நான் அந்தப் பக்கம் திரும்பும்போது பேட்ல செவப்பு. "நிறுத்துல!"ன்னு கத்துனேன். மடிப்பு மேல ஒரு நெல்லு நீளத்துக்குச் சாம்பல் நிறத்துல பிரைமர் எட்டிப் பாக்கு. ஒரு நெல்லுக்கு பானட் முழுசும் திரும்ப அடிச்சேன். பையன் மேல தப்பில்ல, டேப் ஒட்டாம மெஷினக் கையில குடுத்தது நான்.

மடிப்புலயும் ஓரத்துலயும் பெயிண்ட் மெலிசாத்தான் நிக்கும், ஈரப் பெயிண்ட் கூர்மையான இடத்துல தங்காம வழிஞ்சிரும். மெஷினோட அழுத்தம் பூரா அதே இடத்துலதான் விழும். பம்பர் பிளாஸ்டிக், தகடு மாதிரி சூட்ட வாங்கிப் பரப்பாது, சீக்கிரம் வெந்துரும். அங்கெல்லாம் வேகத்தக் குறைச்சு, கை பாரத்தையும் எடுத்துரணும்.

பழைய அம்பாசிடர்ல பேட்ல கலர் வந்தா பயப்படாதீங்க. அதுல கிளியர் கோட் கிடையாது, கலர்தான் மேல. இப்ப உள்ள வண்டியில கலர் வந்தா ஆளு மாட்டிக்கிட்டான்னு அர்த்தம்.

பாளை தம்பிக்கு ஒண்ணு. இன்னொரு கடைக்கு ஓடாதீங்க. முதல்ல ஐ.பி.ஏ. (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) வாங்கி, ஒரு பங்குக்கு மூணு பங்கு தண்ணி கலந்து ஒரு ஓரத்துல துடைச்சுப் பாருங்க. கீறல நிரப்புற எண்ணெயப் பூசிக் குடுத்திருந்தா அது எடுத்துக் காட்டிரும். ரெண்டு வாட்டர் வாஷ்ல தானா வெளிய வர்றது அதுல ஒரே நிமிசத்துல வந்துரும்.

சமாதானபுரம் எஸ்

மூலைய விட்டது என் தப்பு, டேப் ஒட்டணும்னு எழுதியிருக்கணும். கவர் விசயத்துல பணகுடிக்காரர் சொல்றது அவுக ஊருக்குச் சரி. பாளையில காம்பவுண்டுச் சுவருக்குள்ள நிக்கிற வண்டிக்கு, கழுவிக் காய வச்ச பொறவு போடுற கவர் தப்பில்ல. அதுல நான் மாற மாட்டேன்.

பாளை கருப்பு வண்டி

எல்லாருக்கும் நன்றி. டவுண் அண்ணாச்சி சொன்னபடி ஐ.பி.ஏ. போட்டு பானட்டுல பாதிய மட்டும் துடைச்சேன். துடைச்ச பாதியில வலை இன்னும் கூடுதலாத் தெரிஞ்சுது. பூசி மறைச்சுத்தான் குடுத்திருக்காங்க. எஸ் அண்ணாச்சி, வலையில பாதி என் துணியால வந்ததா இருக்கலாம், அத ஒத்துக்கிடுதேன். மறைச்சது மறைச்சதுதான்.

தேரி அண்ணாச்சிக்குப் போன் போட்டுட்டு முந்தாநாள் அவுக ஷெட்டுக்கே போனேன். காத்து எழும்புறதுக்கு முன்னால வந்துரணும்னு சொல்லிட்டாவ, அதனால ஆறு மணிக்கே அங்கன நின்னேன். தரையத் தண்ணி தெளிச்சு வச்சிருந்தாவ. மீட்டர் வச்சி ஒவ்வொரு இடமா எழுதிக்கிட்டாவ. இடது ஃபெண்டர்ல நடுவுல டேப் ஒட்டி, ஒரு பக்கம் மட்டும் டி.ஏ.யில மெத்து ஃபோமும் நைஸான பாலிஷும் போட்டாவ. அது பத்தல. அடுத்த பேட், கொஞ்சம் கடினமானது, அதுல நாலு தடவை, மறுபடி மெத்துல ஒரு ஃபினிஷிங். ஐ.பி.ஏ. போட்டுத் துடைச்சிட்டு, லைட்ட என் கையில குடுத்து டேப்ப உரிக்கச் சொன்னாவ.

உரிச்சேன். ஒரு பக்கம் வலை. இந்தப் பக்கம் லைட்டு மட்டும்தான் தெரிஞ்சுது, அதச் சுத்தி ஒண்ணுமே இல்ல, வெறும் கருப்பு.

பானட், ஃபெண்டர் ரெண்டும், வலது பக்கக் கதவுகள் முடிஞ்சுது. ஒம்பது மணி வாக்குல பனையோலை சலசலக்க ஆரம்பிச்சுது. அண்ணாச்சி வெளிய எட்டிப் பாத்துட்டு பேட்டக் கழத்தி வாளியில போட்டுட்டாவ. டிக்கியும் இடது கதவும் பாக்கி. ஆவணி பொறக்கட்டும், வான்னு சொல்லியிருக்காவ.